சொட்டு விழாத தகடு

எனது பெயரும் வீட்டு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து நான்கு. தொழில், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது. கார் ஸ்டாண்டில் என்னை ஆமை என்று கூப்பிடுவார்கள். எந்த வேகத்தடையானாலும் நான் ஏறக்குறைய நிறுத்திவிட்டுத்தான் ஏற்றி இறக்குவேன் என்பதால் வைத்த பெயர். இதை எழுதிக்கொள்ளும் காவலர் இந்த இடத்தில் சிரித்தார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நான் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன் என்று புகாரில் இருப்பதால் சொல்கிறேன் என்று கூறி, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை 'அவர்' என்று சொல்வது வளர்ப்பினால், மரியாதையினால் அல்ல. புகாரில் இரண்டு குற்றங்கள் சொல்லியிருக்கிறார். ஒன்று, திடீரென்று உடம்பு முடியாமல் போன அவர் மனைவியை, அதாவது என் அண்ணியை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் நான் பழைய பகையை மனதில் வைத்து வேண்டுமென்றே காரை நிறுத்தினேன் என்பது. இரண்டு, அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து அவர் வாசலில் இருந்த வேகத்தடையைக் கடப்பாரையால் உடைத்து அவரை மிரட்டினேன் என்பது. இரண்டாவது உண்மை. முதலாவது பொய்.

எங்கள் அப்பா விட்டுப்போன மனையில் முன் வீடு அண்ணனுக்கும் பின் வீடு எனக்கும் என்று பாகம் பிரிந்தது. பின் வீட்டுக்குப் போகும் பாதை முன் வீட்டு வாசலை ஒட்டிப் போகிறது. பாதை இருவருக்கும் பொது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் என் கார் சக்கரம் பாதையில் இருந்த பள்ளத்தில் இறங்கி, அண்ணன் புதிதாக வெள்ளையடித்திருந்த மதில் மேல் சேறு தெறித்துவிட்டது. நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன், வாளியும் துணியுமாகத் துடைக்கவும் போனேன். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு நான்கு நாளில் அவர் வாசலுக்கு நேராகப் பாதையின் குறுக்கே சிமெண்டினால் ஒரு வேகத்தடை கட்டினார். ஒரு நாளைக்கு ஒரு கார் போய்வரும் பாதையில், அந்த ஒரு காருக்காக மட்டும் கட்டிய வேகத்தடை அது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

காரின் இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் ஒரு தொட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். காரின் அடிப்பக்கத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான், அதுவும் மெல்லிய தகடு. அது உடைந்தால் ஆயில் போகும், ஆயில் போனால் இஞ்சின் போகும், இஞ்சின் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. வேகத்தடையை நான் டேப் வைத்து அளந்தேன். ஐந்தரை அங்குலம். என் சேம்பருக்கும் தரைக்கும் இடையில் ஆள் ஏறாதபோது ஆறு அங்குலம். அண்ணன் முப்பது வருடம் அளந்து வேலை பார்த்தவர். என் கார் நிற்கும்போது குனிந்து அளந்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார் என்பது என் எண்ணம். நான் பார்க்கவில்லை, அதனால் எண்ணம் என்றே எழுதவும்.

அதன் பிறகு நான் நேராக ஏற்றாமல் காரைக் குறுக்கே சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். அப்படிப் போனால் அடிப்பக்கம் உரசாது. இதைக் கவனித்த அண்ணன் வேகத்தடையின் இரண்டு ஓரத்திலும் பெரிய பூந்தொட்டிகளை வைத்தார். செடி ஒன்றும் இல்லை, வெறும் மண். தொட்டி இருந்தால் காரைச் சாய்க்க முடியாது.

ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு நான் வண்டி எடுக்கும்போது இடது பக்கத் தொட்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும். சாய்த்துப் போக வழி இருக்கும். திரும்பி வரும்போது தொட்டி பழைய இடத்தில் இருக்கும். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் சீக்கிரம் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணி வாசல் பெருக்க வந்தவர், விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு காலால் தொட்டியை நகர்த்தினார். நான் போன பிறகு திரும்ப நகர்த்தி வைப்பார் போலிருக்கிறது. இது பற்றி அவர் என்னிடமோ நான் அவரிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனுக்கு இது இன்றுவரை தெரியாது. இனித் தெரியட்டும்.

ஆனால் இரவு திரும்பும்போது வழி இல்லை, நேராகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் சேம்பர் அடிபட்டு, அதன் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. கார் பாதையில் நிற்கும் இடத்திலும் அண்ணன் வாசலிலும் இரண்டு மூன்று சொட்டு ஆயில் விழுந்தது. அண்ணன் ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டு உள்ளே தேதி எழுதினார். நான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பேன், மறுநாள் அடுத்த வட்டம் இருக்கும். ஒரு நாள் நான் வெளியூர் சவாரி போயிருந்தபோது அண்ணன் என் மனைவியைக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தார் பார்க்க, முழங்கால் போட்டுத் துடைக்க வைத்தார். அன்று அவள் இரவுச் சாப்பாடு போடும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமே அந்த வாசல்ல ஒரு சொட்டு விழாம பாத்துக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்றேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். பதினெட்டு வருடமாக என் காரைப் பார்ப்பவர் அவர். கசிவைச் சரிசெய்துவிட்டு, சேம்பருக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு மாட்டிக்கொண்டால் அடி நேராகச் சேம்பரில் படாது என்று அவரே யோசனை சொன்னார். சரி என்றேன். ஆனால் தகட்டின் நாலு ஓரத்தையும் மேலே மடக்கி, தட்டு மாதிரி செய்யச் சொன்னேன். ஓட்டை எதுவும் வேண்டாம் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓட்டை இல்லாம யாராவது மாட்டுவாங்களா? சேம்பர் கசிஞ்சா கீழ சொட்டுறது தெரியணும்ப்பா. சொட்டு விழுந்தாத்தான் நீ குனிஞ்சு பாப்ப" என்றார்.

சொட்டு விழக்கூடாது என்பதற்குத்தான் மாட்டுகிறேன் என்று சொன்னேன். அப்படியானால் தினமும் காலையில் அளவுக் குச்சியை உருவி ஆயில் மட்டம் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும் என்றார். செய்கிறேன் என்றேன். ஸ்டாண்டில் இதைக் கேள்விப்பட்டு, ஆமைக்கு ஓடு கீழே முளைத்துவிட்டது என்று கேலி செய்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை. சாக்பீஸுக்கு வேலை இல்லாமல் போனது எனக்குப் பரம திருப்தியாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் தகடு மாட்டியதில் அடிப்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை நேராக ஏற்றும்போதும் தகடு சிமெண்டில் கிறீச்சென்று உரசும். நான் வரும் நேரம் பார்த்து அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காபி குடிப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போவேன். ஒரு மாதம் தினமும் அளவுக் குச்சி பார்த்தேன். பிறகு வாரம் ஒரு முறை. தரை சுத்தமாக இருந்ததால் உள்ளேயும் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துவிட்டேன். இது என் தவறு. இதை வேறு யார் தலையிலும் கட்டவில்லை.

சம்பவ தினம் புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். இரண்டு வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. காலில் செருப்பு இல்லை. அண்ணி துணி துவைக்கும் இடத்தில் விழுந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள் என்றார். நான் சட்டையை மாட்டுவதற்குள் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அண்ணியை முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வேகத்தடையிடம் வந்தபோது தொட்டிகள் இரண்டும் அவற்றின் இடத்தில் இருந்தன. நான் காரை நிறுத்தினேன். அண்ணன் இறங்கிப்போய் ஒரு தொட்டியை இழுத்துப் பார்த்தார். அவசரத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தொட்டி அசையவில்லை. நான் இறங்குவதற்குள் திரும்ப வந்து ஏறிக்கொண்டு, "நேரா ஏத்து" என்றார்.

நேராக ஏற்றினேன். மூன்று பேர் பாரத்தில் கார் தாழ்ந்திருந்ததால் தகடு உரசவில்லை, இடித்தது. அண்ணி வலியில் முனகினார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் கேட்ட சத்தம்தான், இன்னும் பலமாக. அன்று உள்ளே இருந்து கேட்டார்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர். பாதி தூரம் ஒன்றும் இல்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியபோது என் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை மாதிரி ஒரு படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. வாசலில் ஒரு சொட்டும் தெரியக்கூடாது என்று பாடுபட்டவன் கண்ணெதிரே அந்தச் சொட்டு எரிந்தது. கார் ஓட்டுகிற எவனுக்கும் அந்த விளக்கின் அர்த்தம் தெரியும். எரிந்த உடனே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் இஞ்சின் தப்பும். ஓட்டினால் சில நிமிடத்தில் உள்ளே எல்லாம் வெந்து இறுகிவிடும்.

பாலத்தில் நிறுத்தி வேறு வண்டி பிடிக்கலாமா என்று யோசித்தேன். ஓரம் கிடையாது, ஆட்டோ நிற்காது, அண்ணியை இறக்கி ஏற்றவே பத்து நிமிடம் ஆகும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான். நான் நிறுத்தவில்லை. இஞ்சின் போகும் என்று தெரிந்தேதான் ஓட்டினேன். அண்ணனுக்காக ஓட்டவில்லை என்பதைத் தெளிவாக எழுதவும்.

அப்போது அண்ணி குழறலாக, "என்ன தம்பி செவப்பா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணி, நீங்கள் பெல்ட் போடவில்லை அல்லவா, அதற்கு எரிகிறது என்றேன். அதைக் கேட்டு அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து அண்ணிக்கு மாட்டிவிட்டார். மாட்டிய பிறகும் விளக்கு அணையவில்லை. அண்ணன் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது. அண்ணிக்குத் தெரியும். அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு இஞ்சினில் கடகடவென்று சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலைத் தாண்டியதும் இஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது. கார் நின்றுவிட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல் அறுநூறு மீட்டர் இருக்கும். நான் ரோட்டின் நடுவில் போய் நின்று கையை விரித்து, ஒரு சரக்கு வேனை நிறுத்தினேன். அண்ணன் தலைப்பக்கமும் நான் கால்பக்கமுமாகத் தூக்கி வேனில் ஏற்றினோம். எங்கள் அப்பாவைத் தூக்கியதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கியது அப்போதுதான். கார் நின்றதற்கும் ஆஸ்பத்திரியில் இறக்கியதற்கும் இடையில் பதினோரு நிமிடம் ஆகியிருக்கும் என்று அண்ணன் சொல்வது சரி. அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் அண்ணிக்குப் பேச்சு போனது என்கிறார். அது எனக்குத் தெரியாது. டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அண்ணன் என்னை அறைக்குள் விடவில்லை.

காரில் ஒரு கோளாறும் இல்லை, பெல்ட் விளக்குதான் எரிகிறது என்று ஓட்டியவரே சொன்னார், அதற்கு ஐந்து நிமிடம் கழித்துக் காரை நிறுத்தினார், ஆகவே வேண்டுமென்றே செய்தது என்று புகாரில் எழுதியிருக்கிறது. நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறார். உண்மையை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அண்ணி பயந்துவிடக்கூடாது என்று முதல் காரணம். இரண்டாவது காரணமும் சொல்லிவிடுகிறேன். உன் காரும் உன்னை மாதிரிதான் என்று அண்ணன் சொல்வார், அந்த நேரத்தில் அதைக் காதில் வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் மெக்கானிக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தகட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். இடிபட்டு இடிபட்டுத் தகடு மேல்பக்கமாக மடிந்து, சேம்பரை முட்டி, அதன் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. விரிசலின் பாதி பழையது, அழுக்கு படிந்திருந்தது. மீதிப் பாதி புதிதாகப் பளபளத்தது. கசிந்த ஆயில் தட்டில் தேங்கி, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. வீட்டில் நிற்கும்போது தட்டிலேயே நின்று, ஓடும்போது ரோட்டில் சிந்தியிருக்கிறது. மெக்கானிக் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. இஞ்சினைப் பிரித்தபோது உள்ளே பேரிங்குகள் கருகி ஒட்டிப்போயிருந்தன. காரை வேண்டுமென்றே நிறுத்துகிறவன் சாவியைத் திருப்பினால் போதும், சோறு போடும் இஞ்சினை எரிக்க வேண்டியதில்லை. தகடு, சேம்பர், இஞ்சின் மூன்றையும் சரிசெய்யாமல் பட்டறையில் அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அன்றிலிருந்து எனக்குத் தொழில் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அண்ணியை வேனில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று என் மனைவி விசாரித்து வந்து சொன்னாள். கழுத்தும் தலையும் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அன்று காலை ஏழு மணிக்குக் கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு போய் வேகத்தடையை உடைக்க ஆரம்பித்தேன். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தார். "என் வாசல்ல கை வைக்க நீ யாருடா?" என்று கேட்டார். கிட்டே வந்தால் அடித்துவிடுவேன் என்று நான் சொன்னது உண்மை. அப்போது கடப்பாரை என் கையில் இருந்ததும் உண்மை. அவர் உள்ளே போய்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். ஒன்பதரை மணிக்குள் நான் உடைத்து முடித்து, கல்லை மூட்டையில் அள்ளி, பள்ளத்தை மண் போட்டு மிதித்துச் சமமாக்கினேன். பூந்தொட்டிகளைத் தொடவில்லை.

கோபத்தில் உடைத்தாயா என்று கேட்கப்பட்டது. ஆமாம், கோபத்தில்தான். இரண்டு வருடக் கோபம். ஆனால் அன்றைக்கே, பதினோரு மணிக்குள் உடைத்தது கோபத்தினால் அல்ல. வேன் வந்தபோது நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைத் தாண்டும்போது வேன் குலுங்கவில்லை.

இரண்டாவது குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். முதல் குற்றத்துக்குச் சாட்சி உண்டா என்றால், ஒரே ஒருவர் உண்டு. அண்ணியால் பேச முடியாது. ஆனால் சொல்வது எல்லாம் புரிகிறது, தலையை ஆட்டுகிறார் என்று என் மனைவி சொல்கிறாள். அவரிடம் நீளமாக எதுவும் கேட்க வேண்டாம். பெல்ட் மாட்டிய பிறகு அந்தச் சிவப்பு விளக்கு அணைந்ததா என்று மட்டும் கேட்டால் போதும். கேட்கும்போது அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். இதுதான் என் ஒரே கோரிக்கை.

மேலே உள்ளதை எழுதியவர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். பூந்தொட்டியை அண்ணி நகர்த்திய பகுதி வழக்குக்குத் தேவைப்படாது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து நடந்தது நடந்தபடியே இதில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)